சின்னபொண்ணு செட்டு

மேல்கரணையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கவோ, களை வெட்டவோ, நாற்று நடவோ ஆள் வேண்டுமென்றால் சின்னபொண்ணுவிடம்தான் நாள் கேட்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் உள்ள செட்டு அது. யார் வயலுக்கு, யார் கொல்லைக்கு எந்தக் கிழமை, எத்தனை ஆள், யாருக்கு இடுப்புவலி, யார் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. அவள் ஒரு நாளைச் சொல்லிவிட்டால் அது மாறாது. அவள் செட்டு வருகிறதென்றால் குடிக்கத் தண்ணீரும் சாப்பிட நிழலும் பார்த்து வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அவள் வாயில் விழவேண்டும்.

தை மாதம் நடவு முடிந்து எல்லோரும் குட்டியானை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைத் திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. டிரைவர் வண்டியை வளைத்ததில், பின்கதவோரம் உட்கார்ந்திருந்த சின்னபொண்ணு தூக்கி எறியப்பட்டுத் தார் ரோட்டில் விழுந்தாள். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்தார்கள். மண்டைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படாது, தானே கரைந்துவிடும் என்றார்கள். அப்படியே கரைந்தது. மாசி பிறந்தபோது அவள் வீட்டுக்கு வந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.

"கையி காலு நல்லா இருக்குது, பேச்சு நல்லா இருக்குது. மறுபொறப்புதான்," என்று அவள் புருஷன் சீனுவாசன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வெள்ளாடுகளையும் சொந்தமாக இருந்த ஒரு துண்டு நிலத்தையும் பார்த்துக்கொண்டு அதிகம் பேசாமல் இருக்கும் மனிதர். அந்த மாதத்தில் அவர் பேசியதுதான் அதிகம்.

அவள் மாறியிருந்தது மருமகள் பானுப்ரியாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. புருஷன் ஒரகடத்துக் கம்பெனியில் வேலை செய்ய, அவள் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். காலையில் சின்னபொண்ணு கேப்பைக்கூழ் கிண்டும்போது போன் வந்தால் போதும், கூழ் அடிப்பிடித்தது. கூழையும் விட்டு அவள் போனில் என்ன பேசினாள் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. மிக்சி ஓடும்போது யாராவது ஏதாவது கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். மத்தியானம் ஆனால் முகம் தொங்கிப்போய், எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. இதற்கு முன் மருமகளை ஒரு சொல் கடிந்து பேசாதவள், சோற்றில் உப்பு இல்லையென்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

பங்குனியில் மல்லாட்டை முற்றியிருந்த சமயம், எதிர்பாராத ஒரு மழை பெய்தது. ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்கிவிட வேண்டும். காய்ந்து இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் தங்கிவிடும். ஊரே ஆளுக்கு அலைந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை சின்னபொண்ணு செட்டு குப்பம்மாள் கொல்லையில் இறங்கியது. அதே நேரம் ஏரிக்கு மேற்கே, மோட்டார் கொட்டாயில் இட்லியும் சாம்பாரும் இறக்கி வைத்துவிட்டு அரங்கநாதன் என்கிற இன்னொரு கொல்லைக்காரர் அதே செட்டுக்காகக் காத்திருந்தார்.

அடுத்த நாலு நாளும் செட்டுக்கு வேறு இடத்தில் வேலை. வெயில் சுட்டெரித்தது. அரங்கநாதன் கிடைத்த ஆளை வைத்துப் பிடுங்கியதில் பாதிக் காய் மண்ணோடு போனது. நேராக சின்னபொண்ணு வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏன் சின்னபொண்ணு, வர்றேன்னு சொல்லிட்டு இன்னொருத்தர் கொல்லைல எறங்குனா இன்னா அர்த்தம்?"

"நான் எப்ப அண்ணே உங்களுக்கு நாள் சொன்னேன்?"

"போன்ல சொல்லல?"

"நான் சொல்லவேயில்ல. கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன், வாங்க கோயிலுக்கு."

தெருவே கூடிவிட்டது. அரங்கநாதன் போனை எடுத்தார். அதில் பேசுவதெல்லாம் தானாகவே பதிவாகும்படி அவர் மகன் செய்து வைத்திருந்தான். தேடிப்பிடித்து அழுத்தினார். பின்னால் பெண்கள் பேசும் சத்தம், ஒரு வண்டி கிளம்பும் சத்தம். அதற்கு நடுவே சின்னபொண்ணுவின் குரல் தெளிவாகக் கேட்டது: "வெள்ளிக்கெழமதான? வெடியக்காலம் வந்துர்றோம் அண்ணே, நீங்க கவலப்படாதீங்க."

சின்னபொண்ணு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையதுதான். 'கவலப்படாதீங்க' என்பது அவள் எப்போதும் சொல்கிற வார்த்தை. ஆனால் அப்படி ஒரு பேச்சு நடந்ததன் சுவடே அவள் தலைக்குள் இல்லை. அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு செட்டு அவளிடம் நிற்கவில்லை. பொய் சத்தியத்துக்குத் துணிந்தவள் என்றார்கள் சிலர். மண்டையில் அடிபட்டதில் கழன்றுவிட்டது என்றார்கள் சிலர். செட்டில் இரண்டாவது ஆளாக இருந்த பாஞ்சாலி நாள் சொல்ல ஆரம்பித்தாள். சின்னபொண்ணு வெளியே வருவதை நிறுத்தினாள். சீனுவாசன் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டி வந்தார். அது பாட்டுக்குக் கையில் கிடந்தது.

பானுப்ரியா வேலை செய்யும் இடத்துக்கு மேல் மாடியில், பக்கவாதம் வந்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு தனியார் நிலையம் இருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஜெசிந்தா என்கிற உளவியலாளர் வாரத்தில் சில நாள் அங்கே வருவாள். தலையில் அடிபட்டவர்களின் ஞாபகம், கவனம் இவற்றைப் பரிசோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை என்று தெரிந்ததும் பானுப்ரியா போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"நான் எங்கியும் வரல. லூசுன்னு சீட்டு வாங்கிக்கினு வர சொல்றியா?" என்றாள் சின்னபொண்ணு.

"உங்களுக்காக வேணாம் அத்தே. எனக்காக வாங்க."

"உனக்கு இன்னா?"

"தெனம் திட்டு வாங்க முடியல அத்தே. நேத்து என்ன வீட்ட விட்டு போடின்னீங்க."

சின்னபொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "நானா?"

"ம்."

"எதுக்கு?"

"ஃபேன் சுச்ச போட்டதுக்கு."

சின்னபொண்ணு எழுந்து கொடியில் கிடந்த துணிகளைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "எந்தப் புடவய கட்டிக்கினு வர்றது?" என்றாள்.

அந்த மாதிரிப் பரிசோதனைக்கெல்லாம் கட்டணம் அதிகம். சீனுவாசன் ஒரு கிடாவை விற்றார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கம் இருந்தது அந்தக் கட்டிடம். கீழே பஸ் ஹாரன் சத்தம் ஓயவில்லை. மாடியில் கதவைச் சாத்தியதும் அடங்கியது. ஜெசிந்தா சிறுவயதுக்காரி, கண்ணாடி போட்டிருந்தாள்.

"பைத்தியம் புடிச்சவங்கள பாக்குற எடமா இது? அத மொதல்ல சொல்லுங்க மேடம்," என்றாள் சின்னபொண்ணு, நாற்காலியில் உட்காராமலே.

"இல்லம்மா. கை ஒடஞ்சவங்களுக்கு கட்டு பிரிச்சதும், இப்ப எவ்ளோ தூக்க முடியுதுன்னு பாப்பாங்க இல்ல? அந்த மாதிரி. தலைல அடிபட்ட பிறகு எந்த வேல சுலபமா வருது, எதுல தடுமாறுதுன்னு பாக்கப் போறோம். இதுல பாஸ் பெயில் கெடையாது."

"அப்ப பாருங்க," என்று உட்கார்ந்தாள்.

சில முகப் படங்களைக் காட்டி, பிறகு வேறு முகங்களோடு கலந்துவைத்து, முன்னால் பார்த்தது எது என்று கேட்டாள் ஜெசிந்தா. சின்னபொண்ணு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தாளில் சிதறிக் கிடந்த எண்களை வரிசையாகக் கோடுபோட்டு இணைக்கச் சொன்னாள். ஐந்தாவது வரை படித்தவள். பென்சில் தடையில்லாமல் ஓடியது. அடுத்த தாளில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தன. ஒன்றிலிருந்து 'அ'வுக்கு, 'அ'விலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து 'ஆ'வுக்கு என்று மாறி மாறிப் போகவேண்டும். மூன்றுக்கு வந்ததும் பென்சில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். திரும்பவும் அங்கேயே நின்றது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, நெற்றியில் வியர்த்தது.

"கண்ணு சரியா தெரியல," என்றாள்.

"பரவால்லம்மா. டீ குடிச்சிட்டு பாக்கலாம்."

டீ குடித்த பிறகு ஜெசிந்தா ஒரு சின்னக் கதை சொன்னாள். ஒரு பெண் சந்தைக்குப் போய் வெண்டைக்காய் விதை வாங்கிவிட்டு, பஸ்ஸில் பையை மறந்து வைத்துவிட்ட கதை. சின்னபொண்ணு அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், பஸ்ஸின் நிறம் உட்பட. ஜெசிந்தா ரேடியோவைப் போட்டுவிட்டு, மேசையில் இருந்த நிறநிறமான பட்டன்களை வகை பிரிக்கச் சொன்னாள். அவள் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கதையையும் சொன்னாள். சின்னபொண்ணு நடுநடுவே "ம், ம்" என்று கேட்டுக்கொண்டாள். பட்டன் முடிந்ததும் ஜெசிந்தா ரேடியோவை நிறுத்தினாள்.

"இப்ப அந்தக் கதைய சொல்லுங்கம்மா."

"எந்தக் கத? அதான் விதை வாங்குனவ கதைய சொல்லிட்டேனே."

"அதுக்கு அப்புறம் சொன்னது."

"நீங்க எங்க சொன்னீங்க?"

மூலையில் உட்கார்ந்திருந்த பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னபொண்ணு அதைப் பார்த்துவிட்டாள்.

"சொன்னாங்களா பானு?"

"சொன்னாங்க அத்தே. நீங்க உம் கொட்டிக்கினே இருந்தீங்க."

சின்னபொண்ணு ஒரு பட்டனை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அரங்கநாதன் அண்ணன் போன்லயும் இப்டிதான் ஆயிருக்கும்," என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல்.

அடுத்த முறை போனபோது சீனுவாசனையும் வரச் சொல்லியிருந்தாள் ஜெசிந்தா. மூவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"உங்களுக்கு ஞாபகசக்தி போகலம்மா. உள்ள போனது பத்திரமா இருக்குது. ஆனா ரெண்டு வேல ஒரே நேரத்துல வந்தா ரெண்டாவது உள்ள போகவே மாட்டேங்குது. பழக்கத்துல வாய் மட்டும் பதில் சொல்லிடுது. அடிபட்ட மூளைக்கு சீக்கிரம் களைப்பும் வந்துடும். அந்தக் களைப்புலதான் கோவம் வர்றது. ஸ்கேன்ல ரத்தம் கரைஞ்சிடுச்சின்னு தெரியும், இது தெரியாது."

"அப்ப நான் பொய் சத்தியம் பண்ணத் துணியல," என்றாள் சின்னபொண்ணு.

"இல்ல. நீங்க பொய் சொல்லல. அவர் சொன்னதும் பொய் இல்ல."

அது கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பல வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கினாற்போலவும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாயிடுமா மேடம்?" என்று கேட்டார் சீனுவாசன்.

"இன்னும் நல்லாவே தேறும். எவ்ளோன்னு இப்ப சொன்னா அது ஜோசியம். ஆனா இப்ப இருக்கிற நெலைலயே எப்டி வேல செய்றதுன்னு கத்துக்கலாம். அத என்னால உறுதியா சொல்ல முடியும்."

சித்திரையும் வைகாசியும் அந்தப் படிகளில் ஏறி இறங்கியே போயின. போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சத்தமில்லாத இடத்துக்குப் போய்ப் பேசவேண்டும். கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லவேண்டும். பேசி முடித்ததும் அதைப் போனிலேயே குரலாகப் பதிந்துவைக்க வேண்டும். மத்தியானத்தில் களைப்பு வருவதற்கு முன்பே, வந்த பிறகு அல்ல, கண்ணை மூடிப் படுக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அவள் அடங்கவில்லை.

"பகல்ல படுக்குறவள நான் செட்டுல சேத்ததேயில்ல மேடம்."

"சேத்துக்குங்க. இனிமே ஒருத்தி இருக்கப் போறா," என்றாள் ஜெசிந்தா.

வீட்டிலும் பழகவேண்டியிருந்தது. ஒருநாள் சட்னி அரைக்கும்போது சின்னபொண்ணு ஏதோ கேட்க, பானுப்ரியா பதில் சொல்ல, அது விளங்காமல் இவள் கத்த ஆரம்பித்தாள். பானுப்ரியா மிக்சியைக் காட்டி, "அத்தே, இருங்க. இத அணைச்சிட்றேன், அப்புறம் திட்டுங்க," என்றாள். மிக்சி நின்றது. சின்னபொண்ணு வாயைத் திறந்தாள். எதற்குத் திட்ட வந்தோம் என்பது தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த சீனுவாசன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனி கடைசியில் ஒருநாள் சின்னபொண்ணு தானாகக் கிளம்பி அரங்கநாதனின் மோட்டார் கொட்டாய்க்குப் போனாள். துணைக்கு வந்த சீனுவாசனை வரப்பிலேயே நிற்கச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் மோட்டார நிறுத்துங்க. சத்தத்துல எனக்குப் பேச்சு நிக்காது."

அவர் நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழம வர்றேன்னு நான் சொன்னேன். சொன்னது எனக்குத் தெரியல. ரெண்டும் நெசம். அடிபட்டதுல வந்த கோளாறுன்னு திண்டிவனத்துல பாத்து சொல்லிட்டாங்க. வைத்தியம் நடந்துக்கினு இருக்குது."

"பாதி மல்லாட்டை மண்ணோட போச்சி, சின்னபொண்ணு."

"போச்சி. அத நான் திருப்பித் தர முடியாது. என் மேல தப்பு இல்லன்னு தெருவுல கத்துனேன் பாருங்க, அத திருப்பி வாங்கிக்கலாம்னு வந்தேன்."

அரங்கநாதன் வாய்க்கால் தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப செட்டு பாஞ்சாலிகிட்ட இல்ல இருக்குது," என்றார்.

"தெரியும் அண்ணே. அங்கதான் போறேன்."

பாஞ்சாலி வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னபொண்ணுவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். செட்டைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தவளாக, முந்திக்கொண்டு பேசினாள்.

"யக்கா, நான் ஒண்ணும் புடுங்கிக்கல. யாராச்சும் நாள் சொல்லணும் இல்ல. இல்லன்னா இதுங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும்."

"நல்லதுதான் பண்ண. நான் கோவமா வரல. மீன கழுவு, பூனை நிக்குது."

பாஞ்சாலி மறுபடி கத்தியை எடுத்தாள். சின்னபொண்ணு நடந்ததையெல்லாம் சொன்னாள். பட்டனைப் பிரித்தது, கதை காதில் விழாமல் போனது, எல்லாம். பாஞ்சாலி மீனை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"நாளு, கெழம, எந்தக் கொல்லைக்கு எத்தினி ஆளு, இதெல்லாம் இனிமே உங்கிட்டயே இருக்கட்டும். நீ தப்பாம வச்சிருக்க," என்றாள் சின்னபொண்ணு. "கொல்லைக்காரங்ககிட்ட பேசறது மட்டும் நான் பாத்துக்கறேன். ஒரு நேரத்துக்கு ஒருத்தர்கிட்ட பேசினா எனக்கு ஒரு கொறையும் இல்ல."

பாஞ்சாலி கையைத் தண்ணீரில் அலசினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "போன வாரம் ஒருத்தன் பொழுது சாஞ்சும் வுடல யக்கா. இன்னும் ரெண்டு சாலு, இன்னும் ரெண்டு சாலுன்னு இருட்டுற வரைக்கும் வேல வாங்கிட்டான். பொம்பளைங்க எல்லாம் என் மூஞ்சியவே பாக்குது. எனக்கு வாயே வரல. வூட்டுக்கு வந்து அழுதேன்."

"யாரு அவன்?"

பாஞ்சாலி பெயரைச் சொன்னாள்.

"சரி. நாளைக்கு நான் பேசறேன்," என்று எழுந்த சின்னபொண்ணு, போனை எடுத்து வாயருகே வைத்து அந்தப் பெயரையும் விஷயத்தையும் சொல்லிப் பதிந்துகொண்டாள். பாஞ்சாலி வியப்பாகப் பார்த்தாள். "இப்டிதான் இனிமே," என்றாள் சின்னபொண்ணு.

ஆடிப்பட்டத்தில் போட்ட மல்லாட்டைக்கு ஆவணியில் களை வெட்டு வந்தது. முதல் நாள் வண்டியில் ஏறியதும் சின்னபொண்ணு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரே நேரத்துல ரெண்டு பேரு பேசாதீங்க. நாள் கேக்கறது பாஞ்சாலிகிட்ட. மத்தியானம் சாப்டதும் கொஞ்ச நேரம் படுப்பேன். டாக்டர் சொன்னது."

"நாங்க வெட்டிக்கினு இருப்போம், இது ராணி மாதிரி படுத்துக்கினு இருக்குமா?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நீயும் தல குப்புற வுழுந்துட்டு வா, உனக்கும் பாய் போட்றேன்."

வண்டி சிரிப்பில் குலுங்கியது. கேட்டவளும் சிரித்தாள்.

அரங்கநாதன் கொல்லைக்கு வந்தது அந்த வாரக் கடைசியில்தான். அவரே பாஞ்சாலியிடம் நாள் கேட்டிருந்தார். காலையில் மண் பதமாக இருந்தது. களைக்கொத்தின் சத்தம் சாலுக்குச் சால் நகர்ந்தது. சின்னபொண்ணு நடுச்சாலில் நின்று, செடியின் வேர் அசையாமல் கோரையை மட்டும் கிளறிப் போட்டுக்கொண்டு போனாள். அவள் கை வேகம் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. வெயில் ஏறியதும் புங்க மரத்தடியில் கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் திரும்ப இறங்கியபோது, சின்னபொண்ணு துண்டை விரித்து, சாக்குப்பையை மடித்துத் தலைக்கு வைத்து, அந்த மரத்தடியிலேயே எல்லோரும் பார்க்கப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் லேசான குறட்டை கேட்டது.

யாரோ போனில் பாட்டு வைத்திருந்தார்கள். பாஞ்சாலி அதை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

அப்போதுதான் அரங்கநாதன் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் வந்தார். மேற்குக் கொல்லையையும் இதே ஆளை வைத்து முடித்துவிட்டால் தேவலை என்று அவருக்கு யோசனை. வேலை நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லையா என்று கேட்கவேண்டும். மரத்தடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா பாஞ்சாலி, தூங்குது?"

"எழுப்பாதீங்க அண்ணே."

"ஒரு வார்த்த பேசணும். மேக்கால கொல்லையும் சேத்து முடிக்கிறதப் பத்தி."

"நாள் வேணும்னா நான் சொல்றேன். மத்தது எதுவா இருந்தாலும் அதுகிட்டதான் பேசணும். எழுந்துடும், இருங்க."

அரங்கநாதன் கொல்லையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை, கொத்துகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் குந்தினார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், பக்கத்தில் விட்டுப்போயிருந்த கோரையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, சின்னபொண்ணு எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்.